பருப்பு வேண்டாம்

டமார்!

நாற்காலி மல்லாந்து விழுந்தது. அதில் உட்கார்ந்திருந்தவரும் கூடவே விழுந்தார். அவர் கை தட்டிவிட்ட தம்ளர் உருண்டோடி, உணவகத்தின் கடைசி மூலை வரை சத்தம் போட்டுவிட்டு ஓய்ந்தது.

மணி ஏழு பதினான்கு.

விழுந்தவர் பாட்டு டீச்சர். உதடு இரண்டும் வீங்கியிருந்தன. கழுத்தில் திட்டுத் திட்டாகச் சிவப்பு. மூச்சு, பழுதான விசில் மாதிரி கீச்சுக் கீச்சென்று வந்துகொண்டிருந்தது.

"விக்கலா? தண்ணி குடுங்க, தண்ணி!" என்றார் பல் டாக்டர்.

"ஒண்ணும் குடுக்காதீங்க!"

எதிர் நாற்காலியிலிருந்து ஒரு பெண் பாய்ந்து வந்தாள். மேசையைச் சுற்றி வர நேரமில்லாமல் அடியில் குனிந்தே வந்துவிட்டாள். டீச்சரின் கைப்பையைத் தலைகீழாகக் கவிழ்த்தாள். சீப்பு, சாவிக்கொத்து, சுருதிப் பெட்டி, அப்புறம் பேனா மாதிரி ஓர் ஊசி. மூடியைப் பல்லால் கடித்து இழுத்து, புடவைக்கு மேலேயே தொடையில் ஓங்கிக் குத்தினாள்.

"ஊசியா?" பக்கத்தில் நின்ற டீச்சரின் நாத்தனார் வாயில் கை வைத்துக்கொண்டாள். "நெஜமாவே ஊசி வச்சிருக்காளா?"

"நான்தானே வித்தேன்," என்றாள் குத்தியவள்.

அவளுக்கு மருந்துக்கடை. இருபது வருஷமாக டாக்டர்களின் கோழிக்கிறுக்கலைப் படித்து மருந்து கொடுக்கிறாள். ருசிச் சங்கத்தில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. அங்கே அவள் 'மாத்திரை.'

ருசிச் சங்கம் என்பது எட்டுப் பேர். மாதத்தின் முதல் சனிக்கிழமை சாயங்காலம் ஏதாவதொரு உணவகத்தில் கூடிச் சாப்பிடுவார்கள். இந்த மாதம், இந்தக் கடைத்தெருவில் இருக்கும் உணவகம். சாப்பாட்டுக்கு நடுவே ஒரு விளையாட்டும் உண்டு. சமையல்காரர் ஒரு மர்மக் குழம்பு வைப்பார். அதில் என்னென்ன போட்டிருக்கிறது என்று நாக்கால் கண்டுபிடித்து, ஆளுக்கொரு சீட்டு எழுதிக் கண்ணாடி ஜாடியில் போட வேண்டும். கடந்த மூன்று மாதமும் ஜெயித்தது டீச்சரின் நாத்தனார்தான். சங்கம் அவளுக்கு வைத்த பட்டப்பெயர் 'நாக்கு.'

ஏழு இருபத்தைந்துக்கு ஆம்புலன்ஸ் வந்தது. டீச்சரின் மூச்சு கொஞ்சம் சீராகியிருந்தது. ஸ்ட்ரெச்சரில் படுத்தபடியே மாத்திரையின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"ரெண்டு... ரெண்டு வரி..."

"என்ன டீச்சர்?"

"ரெண்டு வரி..." கண் சொருகியது. வண்டி போய்விட்டது.

"பாவம், இந்த நேரத்துலயும் பாட்டு ஞாபகம்," என்றார் பல் டாக்டர்.

மாத்திரை தன் மணிக்கட்டில் டீச்சரின் நகம் பதிந்த இடத்தைத் தேய்த்துக்கொண்டே நின்றாள்.

*

ஏழு நாற்பதுக்கு இன்ஸ்பெக்டர் வந்தார். போன் போட்டவர் பல் டாக்டர். சங்கத்தின் செயலாளரும் அவர்தான்.

"கேஸ் ரொம்ப சிம்பிள் சார். டீச்சருக்கு முந்திரி ஆகாது. சங்கத்துல எல்லாருக்கும் தெரியும். ஆகாததை எழுதிக் குடுங்கன்னு ஆறரை மணிக்கே கூடையைச் சுத்த விட்டோம். அவங்களும் எழுதினாங்க. அப்படியும் முந்திரியை அரைச்சு ஊத்தியிருக்காங்க."

"யாரு?"

"சமையல்கட்டுல இருக்கறவங்கதான். வேற யாரு?"

சமையல்கட்டிலிருந்து ஒரு பெண் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தாள். ஐம்பது வயதிருக்கும். நெற்றியில் வியர்வை. கடை முதலாளியின் அண்ணி. அண்ணன் போன பிறகு இந்த அடுப்புதான் அவளுக்குச் சோறு போடுகிறது.

"முந்திரி போட்டீங்களா?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"போட்டேன்."

முதலாளி தலையில் கை வைத்துக்கொண்டார். "அண்ணி! என்ன அண்ணி இப்படிப் பொசுக்குனு சொல்றீங்க!"

"போட்டதைப் போட்டேன்னுதானே தம்பி சொல்லணும்? சீட்டுல இருந்தபடிதான் செஞ்சேன்."

"சீட்டுல என்ன இருந்துச்சு?"

"பருப்பு வேண்டாம்னு இருந்துச்சு. எல்லாருக்கும் வச்ச குழம்புல பாசிப்பருப்பை வேகவச்சு நைசா அரைச்சு ஊத்தியிருந்தேன். அதுதான் இன்னிக்கு மர்மம். குழம்புல பருப்பு இருக்குன்னு ஒருத்தரும் கண்டுபிடிக்கக் கூடாது. ஒருத்தருக்குப் பருப்பு ஆகாதுன்னதும், அவங்களுக்கு மட்டும் தனியா சின்னச் சட்டியில வச்சேன். பருப்புக்குப் பதிலா முந்திரியைப் பால்ல ஊறவச்சு அரைச்சு ஊத்தினேன். பெரிய சட்டியில முந்திரியும் கிடையாது, பாலும் கிடையாது."

"முந்திரியும் பருப்புதானேம்மா?"

"கடையில வாங்கறப்போ முந்திரிப் பருப்பு. சமையல்கட்டுல முந்திரின்னா முந்திரி, பருப்புன்னா பருப்பு. பருப்பு வேண்டாம்னா நான் சாம்பார்ப் பருப்பைத்தான் நெனைப்பேன். நீங்களே உங்க வீட்டுல கேட்டுப் பாருங்க."

இன்ஸ்பெக்டர் நோட்டில் ஏதோ எழுதினார்.

முதலாளி குறுக்கிட்டார். "சார், நான் கேட்டேன் சார். கிண்ணத்தை வைக்கிறப்போ டீச்சரம்மாகிட்ட, பருப்பு இல்லாதது உங்களுக்குத்தானேன்னு கேட்டுட்டுத்தான் வச்சேன். ஆமான்னாங்க."

அது உண்மை. மாத்திரையும் அதைக் கேட்டாள். அவர் நினைத்த பருப்பு வேறு, இவர் நினைத்தது வேறு. இரண்டு பேரும் ஒருவரைப் பார்த்து ஒருவர் சிரித்து, தலையாட்டி, ஒரு கிண்ணம் விஷத்தைக் கைமாற்றிக்கொண்டார்கள்.

"அப்போ தப்பு டீச்சர் பேர்லயா? அரைகுறையா எழுதிட்டாங்களா?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"எழுதியிருக்க மாட்டாங்க," என்றாள் மாத்திரை. "பாட்டு நோட்டுல ஒரு புள்ளி விட்டுப்போனாக்கூடப் பிள்ளைங்களைத் திருப்பி எழுதச் சொல்றவங்க."

"நீங்க யாரும்மா?"

"மருந்துக்கடை. ஊசி போட்டது நான்தான்."

பல் டாக்டர் இன்ஸ்பெக்டரின் காதருகே போனார். ஆனால் குரலைத் தாழ்த்த மறந்துவிட்டார். "சார், சமையல்கட்டுச் சுவத்தைப் பாருங்க. அங்க ஒரு சமாசாரம் ஒட்டியிருக்கு."

*

சமையல்கட்டு சின்னது. அடுப்பு நான்கு. சுவரில், எண்ணெய்ப் புகை படிந்த ஒரு காகிதம். போன வருஷம் இதே சங்கம் இங்கே சாப்பிட்டபோது தன் குறிப்பேட்டில் எழுதிய பக்கத்தின் நகல். டீச்சரின் முத்து முத்தான கையெழுத்து:

'உப்பு கரித்தது. இரண்டாவது கவளத்தில் கை கழுவினேன்.'

"ஓஹோ," என்றார் இன்ஸ்பெக்டர். "ஒரு வருஷமா இதைப் பார்த்துப் பார்த்துப் பல்லைக் கடிச்சீங்களா?"

சமையல்காரியின் முகம் சுண்டிப்போனது. "ஐயோ, அதுக்கில்லைங்க."

"பின்னே எதுக்கு? அழகுக்கா?"

அதற்குள் முதலாளி சுவரைப் பார்த்தபடி, "அண்ணி, கேஸ் ஆகி நாலு பேருக்குத் தெரிஞ்சா நாளைக்கே கடையைப் பூட்டணும். நீங்க... கொஞ்ச நாளைக்கு வேற எங்கயாவது..." என்று இழுத்தார்.

"எங்க தம்பி போவேன்?" என்றாள் அவள். அவ்வளவுதான். அழவில்லை.

மாத்திரை அந்தக் காகிதத்துக்குப் பக்கத்தில் பார்த்தாள். ஆணியில் நூல் கட்டி ஒரு சின்ன அளவுக் கரண்டி தொங்கியது. விளிம்பு வெள்ளையாகப் பூத்திருந்தது. நாக்கு நுனியால் தொட்டுப் பார்த்தாள். உப்பு.

பல்லைக் கடிக்கிறவள் அளவுக் கரண்டி வாங்கி மாட்டமாட்டாள்.

"சீட்டு எங்கம்மா?" என்று கேட்டாள்.

அடுப்புக்கு மேலே குறுக்கே ஒரு கம்பி. துணி காயப்போடும் கிளிப்பில் மூன்று சீட்டுகள் வரிசையாகத் தொங்கின. பல் டாக்டருடையது: 'கத்தரிக்காய் ஆகாது.' இன்னொருவருடையது: 'காரம் குறைவாக.' மூன்றாவது டீச்சருடையது: 'பருப்பு வேண்டாம்.' மற்ற இரண்டும் உள்ளங்கை நீளம். இது அதில் பாதிக்குக் கொஞ்சம் கூட.

மாத்திரை கிளிப்பைக் கழற்றினாள். சீட்டை விளக்குக்கு நேரே பிடித்தாள். பிறகு தன் கண்ணாடியைக் கழற்றி, பூதக்கண்ணாடி மாதிரி அதன் மேல் வைத்துப் பார்த்தாள்.

"அவங்க கையெழுத்துதானே?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"அவங்களுதுதான்."

"மேல ஏதாவது எழுதித் திருத்தியிருக்கா?"

"ஒரு எழுத்துகூடத் திருத்தலை சார்."

"அப்புறம் என்னம்மா அவ்வளவு நேரம் பார்க்குறீங்க?"

சீட்டின் மேல் விளிம்பில், இதுவரை கிளிப் மறைத்துக்கொண்டிருந்த இடத்தில், நீல மையில் கொசுக்கால் மாதிரி மூன்று கீற்றுகள் இருந்தன. பக்கத்தில் பக்கத்தில்.

"வால் பார்க்குறேன் சார்," என்றாள் மாத்திரை.

*

மணி எட்டு. வெளியே மேசையில் எல்லாம் அப்படியே இருந்தது. டீச்சரின் கிண்ணத்தில் முக்கால்வாசி மிச்சம். அவருக்கு எதையும் ஆறவிட்டுத்தான் சாப்பிட வேண்டும். சூடு தொண்டைக்கு ஆகாதாம். இன்றும் கிண்ணம் வந்ததும் கை கழுவப் போய்விட்டார். திரும்பி வந்து நான்கு கரண்டிதான் சாப்பிட்டிருப்பார்.

அவர் கிண்ணத்துக்கும் நாக்கின் கிண்ணத்துக்கும் நடுவே, வெள்ளை விரிப்பில், மஞ்சளாக ஒரு சொட்டு காய்ந்திருந்தது.

"சார், நானே ரெண்டு கேள்வி கேட்டுக்கட்டுமா?" என்றாள் மாத்திரை.

"ரெண்டே ரெண்டு. கேட்டுட்டு அந்தம்மாவை ஸ்டேஷனுக்குக் கூட்டிட்டுப் போகணும்."

மாத்திரை பல் டாக்டர் பக்கம் திரும்பினாள். "கூடை எப்படிச் சுத்துச்சு?"

"எப்பவும் போலத்தான். உங்ககிட்டயிருந்து டீச்சர், டீச்சர்கிட்டயிருந்து நாக்கு அக்கா, அக்காகிட்டயிருந்து நான். நான் சீட்டை எண்ணி முதலாளி கையில குடுத்தேன். மூணு சீட்டு. பிரிச்சுக்கூடப் பார்க்கலை. எனக்கு அதெல்லாம்..." கொஞ்சம் தயங்கினார். "உண்மையைச் சொன்னா, எனக்கு இந்த 'ஆகாது' சமாசாரத்துல அவ்வளவா நம்பிக்கை இல்லை. இப்பெல்லாம் ஏதாவது ஒண்ணு ஆகாதுன்னு சொல்றது ஒரு ஃபேஷன்."

"கத்தரிக்காய் உட்படவா டாக்டர்?"

அவர் இருமினார். "அது வேற."

"இன்னிக்கு அதைச் சொல்லிச் சிரிச்சது நீங்க மட்டும் இல்லையே?"

"அக்காவும்தான் சொன்னாங்க," என்றார் அவர், கூட்டாளி கிடைத்த நிம்மதியில். "அவங்க வீட்டுல தம்பி கல்யாணமானதுலயிருந்தே முந்திரி டப்பாவுக்கே தடை உத்தரவுன்னு. எல்லாரும்தான் சிரிச்சோம்."

நாக்கு நிமிர்ந்து உட்கார்ந்தாள். கறாரான முகம், அறுபதை நெருங்குகிற வயது. தம்பி வீட்டில்தான் இருக்கிறாள். "சிரிச்சா குத்தமா? ஒரு வீட்டுல இருக்கறவங்களுக்குள்ள ஆயிரம் கேலி இருக்கும்."

"தப்பே இல்லக்கா. கூடை உங்ககிட்டதான் கொஞ்ச நேரம் நின்னுச்சுல்ல?"

"பேனா எழுதலை. உதறிட்டு இருந்தேன்."

"ஆனா உங்க சீட்டு உள்ள இல்லையே. மூணுதான் இருந்துச்சு."

"எனக்கு எல்லாம் ஆகும்னு அப்புறம்தான் தோணுச்சு. எழுதலை."

"டீச்சர் கை கழுவப் போயிருந்தப்போ அவங்க கிண்ணத்தைத் தொட்டீங்களா?"

"சீ! அடுத்தவங்க கிண்ணத்துல கரண்டி விடற பழக்கம் எனக்குக் கிடையாது. வேணும்னா எங்க தம்பியைக் கேளு."

"ரெண்டு கேள்வின்னீங்க. அஞ்சு ஆச்சு," என்றார் இன்ஸ்பெக்டர்.

"கேள்வி முடிஞ்சுது சார். இனிமே படிக்கறதுதான் பாக்கி." மாத்திரை மேசை நடுவிலிருந்த கண்ணாடி ஜாடியை அவர் பக்கம் தள்ளினாள். "இது விளையாட்டுச் சீட்டு. டீச்சர் எழுதறதுக்கு முன்னாடியே விழுந்துட்டாங்க. மத்த ஏழு பேரும் எழுதிப் போட்டாச்சு. கொஞ்சம் நீங்களே படிங்க."

"போலீஸ்காரன் சமையல் குறிப்பு வாசிக்கணுமா?" என்று முணுமுணுத்துக்கொண்டே அவர் ஒவ்வொன்றாகப் பிரித்தார். "வெங்காயம், தக்காளி, சோம்பு... மாத்திரைன்னு கையெழுத்து. அடுத்தது... தேங்காய், மல்லி. இதுல பட்டை, கிராம்பு. அடுத்தது... மிளகா? மிளகாயா? இந்தக் கையெழுத்து யாருது?"

"என்னுது," என்றார் பல் டாக்டர் சன்னமாக.

ஏழாவது சீட்டில் இன்ஸ்பெக்டரின் குரல் நின்றது. இரண்டாவது தடவை மெதுவாகப் படித்தார்.

"வெங்காயம், தக்காளி, மல்லி, சோம்பு, பாலில் ஊறவைத்த முந்திரி. கீழ, 'நாக்கு.'"

சமையல்காரி 'ஆ' என்றாள். அதில் பாதி பயம், பாதி வியப்பு. பாலில் ஊறவைத்ததைக்கூடக் கண்டுபிடிக்கிற நாக்கை அவள் இன்றுதான் பார்க்கிறாள்.

"என்ன நடந்துதுன்னு சொல்றேன் சார்," என்றாள் மாத்திரை. "டீச்சர் வண்டியில ஏறறப்போ ரெண்டு வரி, ரெண்டு வரின்னாங்க. பாட்டு இல்ல. சீட்டுல ரெண்டு வரி எழுதினேனேன்னு சொன்னாங்க. அவங்க எழுத்து பெருசு. முதல் வரியில 'முந்திரிப்.' ரெண்டாவது வரியில 'பருப்பு வேண்டாம்.' முதல் வரியை யாரோ மடிச்சு, மடிப்போட சுத்தமாக் கிழிச்சுட்டாங்க. மிச்சம் இருந்தது முழுச்சீட்டு மாதிரியே இருந்துச்சு. அர்த்தமும் முழுசா இருந்துச்சு. சீட்டே இல்லைன்னா டீச்சர் கேட்டிருப்பாங்க. இருக்கவே யாருக்கும் சந்தேகம் வரலை."

"கிழிச்சாங்கன்னு எப்படிச் சொல்றீங்க?"

அவள் சீட்டை மேசையில் வைத்து விரல் நகத்தால் காட்டினாள். "வால் சார். ந, த, ர. மூணு எழுத்துக்கும் கால் கோட்டுக்குக் கீழ இறங்கும். 'முந்திரி'யில அந்த மூணும் அடுத்தடுத்து வருது. மேல் வரியைக் கிழிச்சாலும் கால் கீழ் வரியில மாட்டிக்கிச்சு. பாதாம்னு எழுதியிருந்தா ஒரே ஒரு கால்தான் இருக்கும். எனக்கு இதுதான் பொழப்பு. டாக்டருங்க எழுதற மருந்துப் பேருல பாதியை நான் வாலை வச்சுத்தான் கண்டுபிடிக்கிறேன்."

இன்ஸ்பெக்டர் சீட்டைக் கண்ணுக்கு அருகில் கொண்டுபோனார். அப்படியே ரொம்ப நேரம் வைத்திருந்தார்.

"சரி. கிழிச்சது டாக்டராவும் இருக்கலாமே? முதலாளியாவும் இருக்கலாமே?"

"இருக்கலாம். ஆனா அவங்க ரெண்டு பேரும் டீச்சர் கிண்ணத்தை ருசி பார்க்கலை. முந்திரியும் பாலும் இருந்தது அந்த ஒரே கிண்ணத்துலதான். அக்கா நெனைச்சது என்னன்னா, குழம்புல பருப்பு எங்க இருக்கப்போகுது, எல்லாருக்கும் ஒரே சட்டிதான்னு. தனிச் சட்டி வைப்பாங்கன்னு அவங்களுக்குத் தெரியாது. முதலாளி டீச்சர்கிட்ட கேட்டதையும், டாக்டரோட சிரிச்சுப் பேசிட்டிருந்ததுல கவனிக்கலை. டீச்சர் எழுந்து போனதும், உள்ள முந்திரி இருக்கான்னு பார்க்க ஒரு கரண்டி எடுத்தாங்க. அந்தச் சொட்டு அப்போ விழுந்ததுதான். இருந்துச்சு. தன் கிண்ணத்துல அது தெரியலைன்னதும், இன்னிக்கு நம்ம நாக்குதான் சரியில்லைன்னு நெனைச்சிருப்பாங்க."

"அதை எதுக்குச் சீட்டுல எழுதணும்?"

"எழுதாம இருக்க முடியலை சார். மூணு மாசமா ஜெயிச்சவங்க."

மாத்திரை ஜாடியை ஓரமாக நகர்த்தினாள். இதே நாக்கிடம் எத்தனை தடவை அவள் வெட்கமில்லாமல் கைப்பக்குவம் கேட்டிருக்கிறாள்!

"இன்னொண்ணும் இருக்கு," என்றாள். "கிழிச்சதை விடுங்க. ருசி பார்த்ததையும் விடுங்க. குழம்புல முந்திரி இருக்குன்னு இந்த மேசையில ஒரே ஒருத்தர் எழுதியிருக்காங்க. எழுதி, மடிச்சு, ஜாடியில போட்டாங்க. அதுக்கப்புறம் பக்கத்துல உட்கார்ந்திருந்த தம்பி பொண்டாட்டி அந்தக் கிண்ணத்துலயிருந்து நாலு கரண்டி சாப்பிட்டாங்க. அக்கா 'வேண்டாம்'னு ஒரு வார்த்தை சொல்லலை."

மேசையில் நாக்கின் போன் அதிர்ந்தது. திரையில் 'தம்பி.' அவள் அதை எடுக்காமல் பார்த்துக்கொண்டே இருந்தாள். இன்ஸ்பெக்டர் எடுத்து, ஸ்பீக்கரைப் போட்டார்.

"அக்கா! கண் முழிச்சுட்டாக்கா! இன்னும் பத்து நிமிஷம் போயிருந்தா ஆளு இல்லைன்னாங்க டாக்டர். அந்த ஊசி மட்டும் இல்லைன்னா... அக்கா? கேக்குதாக்கா? அவ உன்னைத்தான் கேக்குறா. அக்கா பயந்துபோயிருப்பாங்க, சொல்லிருங்கன்னா..."

இன்ஸ்பெக்டர் போனை அணைத்தார். நோட்டைத் திறந்து, முதலில் எழுதியிருந்த சமையல்காரியின் பெயர் மேல் ஒரு கோடு இழுத்தார். முதலாளி மெல்ல நகர்ந்துபோய், அண்ணிக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். அவள் உட்காரவில்லை.

"ஏம்மா?" என்றார் இன்ஸ்பெக்டர். அவர் குரலில் அதட்டல் இல்லை. "சொத்துத் தகராறா? பழைய சண்டையா? அப்படி என்னம்மா பகை?"

நாக்கு தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினாள். தரையில் கிடந்த காலி ஊசியையே வெறித்துப் பார்த்தாள். பிறகு, அந்த ஊசியை விற்ற மாத்திரையின் பக்கம் திரும்பி, சந்தேகம் கேட்கிற குழந்தை மாதிரி கேட்டாள்:

"அப்போ... பதினோரு வருஷமா அவ நடிக்கவே இல்லையா?"